பார்க்காத படத்தின் கதை

அத்தியாயம் 9

போன வாரம் மகனுக்குப் பார்த்திருக்கிற பெண்ணின் அம்மா படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனது, பூட்டுக்காரரின் காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு இருந்த ஒரே பயம் மாமியார் பயம்தாங்க. ரேடியோவுல சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு மாமியார் வர்றாளே, அவளைக் கேட்டுக் கேட்டு எங்க பொண்ணு கல்யாணமே வேணாம்னுட்டா. உங்க வீட்டம்மாவைப் பார்த்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது. அவங்க வாயில நாக்கு இருக்கான்னே தெரியலை. அவ்வளவு சாது."

மகனின் கல்யாணப் பேச்சு அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி முடிந்துவிட்டது. மீதியைப் பேச அடுத்த வாரம் சேதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

சாதுதான். அதில் பூட்டுக்காரருக்குச் சந்தேகமே கிடையாது. அவர் சந்தேகப்படாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அவர் பெண்டாட்டி. மற்றபடி அவர் ஒருத்தனையும் நம்ப மாட்டார். பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார், டாக்டர் இல்லாத வியாதிக்கு ஊசி போடுகிறார், பேப்பர்காரன் மழை வரும் என்று போட்டால் அன்றைக்குக் குடை எடுக்கவே கூடாது. இதெல்லாம் அவர் கட்சி. பூட்டையே அவர் நம்புவதில்லை. எந்தப் பூட்டு எத்தனை தட்டில் திறக்கும் என்று தெரிந்தவன் பூட்டை எப்படி நம்புவான்? அவருடைய கடைப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று அவளிடம். பெற்ற மகனிடம்கூட இல்லை.

அந்த வீட்டில் சனிக்கிழமைக்கு ஒரு ஏற்பாடு உண்டு.

மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலைவாரிக்கொண்டு அவள் மேட்னி ஷோவுக்குப் போவாள். தனியாகத்தான். பூட்டுக்காரருக்கு சினிமா ஆகாது. முன்பின் தெரியாத ஆட்களோடு இருட்டில் போய் உட்காருகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்பார். அவருக்கு ரேடியோதான். கடையில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். கை பாட்டுக்கு வேலை பார்க்கும். சட்டைப்பையில் கைவிட எவனும் பக்கத்தில் இல்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்த மாமியார் நாடகம்.

சாயங்காலம் டீயோடு இரண்டு பேரும் உட்காருவார்கள். அவள் படத்தின் கதையைச் சொல்வாள். இவர் நாடகத்தின் கதையைச் சொல்வார். அவள் தியேட்டரில் இருக்கிற நேரத்தில்தான் நாடகம் வருகிறது என்பதால், பாவம், அவளுக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குறை தெரியாமல் இவர் சொல்லிவிடுவார். தொண்டையைக் கட்டைக் குரலாக்கி, கையை ஆட்டி, மாமியார் பேசினதை மாமியார் மாதிரியே பேசுவார். நடுநடுவே அந்த மாமியாரைத் திட்டவும் திட்டுவார். திட்டெல்லாம் இவருடைய சொந்தச் சரக்கு. நாடகம் முடிந்து நடித்தவர்களின் பேர் வாசிக்க ஆரம்பித்ததுமே ரேடியோவை டப்பென்று அணைத்துவிடுவார். "இந்தக் கழுதைங்க பேர் வேற நான் தெரிஞ்சுக்கணுமா?"

இந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

பக்கத்துக் கடை சலூன்காரர். மதிய நேரத்தில் ஆள் வராது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்களை நம்பி ஒரு படத்துக்குப் போய் ஏமாந்துட்டேன்."

"என்னை எதுக்கு நம்பின? நானே யாரையும் நம்பறதில்ல."

"போன மாசம் ஒரு கப்பல் படம் சொன்னீங்களே. கடைசியில அவனுக்குக் கண்ணு போயிடும், துறைமுகத்துல அவ நிக்கறது தெரியாம தாண்டிப் போவான்னு. பக்கத்து ஊர்ல அது ஓடுதுன்னு போனேன். எங்க கண்ணு போச்சு? கடைசி வரைக்கும் கண்ணெல்லாம் நல்லாத் தெரிஞ்சு டான்ஸ் ஆடிக்கிட்டு இருந்தான்."

"நீ தூங்கியிருப்ப."

"தூங்கலண்ணே."

"நீ கத்தரிக்கோலைப் பிடிச்சுக்கிட்டே தூங்கறவன். போன வாரம் ஒருத்தன் உன் கடையில இருந்து வெளிய வந்தப்போ அவன் காதைப் பார்த்தேனே."

"காதை விடுங்க. துறைமுகமே வரலைங்கறேன்."

"எங்க வீட்டுக்காரி ஆதியோட அந்தமா பார்த்துட்டு வந்து சொன்னா. நீ அரைத் தூக்கத்துல பார்த்துட்டு வந்து சொல்ற. நான் யாரை நம்பறது?"

சலூன்காரர் வாயை மூடிக்கொண்டார். இந்தப் பேச்சு அவர்களுக்குள் புதிதல்ல. நான்கைந்து படத்துக்கு இதே சண்டை நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பூட்டுக்காரர்தான் ஜெயித்தார்.

அவர் ரேடியோவைத் திருகினார். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"போன வாரம் எதுலண்ணே விட்டான்?" என்று சலூன்காரர் கேட்டார்.

"மருமக அலமாரி சாவியைக் கேட்டா. அதுக்கு அவ சொன்னா..." பூட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக் கட்டைக் குரலுக்கு மாறினார். "'சாவி எங்கிட்ட இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்!'"

"அப்படியே இருக்குண்ணே. வயித்தைக் கலக்குது."

"இப்படி ஒருத்தியைக் கட்டினவன் எப்படி வீட்டுல சோறு தின்னுவான்னு யோசிச்சுப் பாரு. நடிப்பா இருந்தாலும் அந்தக் குரல் ரத்தத்துல இல்லாம வராது."

அப்போதுதான் தியேட்டர் மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பக்கவாட்டுக் கதவின் பூட்டு உள்பக்கமாக மாட்டிக்கொண்டுவிட்டதாம். திறக்கவும் மாட்டேன் என்கிறது, விடவும் மாட்டேன் என்கிறது.

"ஷோ ஓடிக்கிட்டிருக்கு. உள்ள ஜனம் இருக்கு. ஏதாவது ஒண்ணுன்னா அந்த வழியாத்தான் வெளிய விடணும். கொஞ்சம் வாங்க."

"இப்ப மணி என்ன தெரியுமா? நாடகம் போடப் போறான்."

"நாடகம் அடுத்த வாரமும் வரும். தீப்பிடிச்சா ஜனம் வருமா?"

பூட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ரேடியோவை அணைத்தார். பிறகு தன் ரேடியோவைச் சலூன்காரரிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். வேண்டாம். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

* * *

தியேட்டருக்குள் இருட்டு. திரையில் யாரோ மழையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பூட்டுக்காரர் கதவருகே குந்தி உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். சீட் காட்டுகிற டார்ச்காரர் ஒரு கையால் டார்ச்சை மறைத்து, அவர் கைக்கு மட்டும் வெளிச்சம் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். வயசான மனுஷன். இந்தத் தியேட்டர் கட்டின நாளிலிருந்து இருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரி எந்த வரிசையில உக்காந்திருக்கா?" என்று பூட்டுக்காரர் கிசுகிசுத்தார். "நான் வந்திருக்கறது தெரிய வேணாம். படத்தை விட்டுட்டு எழுந்து வந்துடுவா."

டார்ச்காரர் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"யாரு, உங்க வீட்டம்மாவா? அவங்க வந்து எத்தனை நாள் ஆச்சு. ஆறு மாசம் இருக்குமே. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நானே உங்களைக் கேக்கணும்னு நெனச்சேன்."

ஸ்க்ரூடிரைவர் பூட்டுக்காரரின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. முன் வரிசையில் யாரோ "உஷ்" என்றார்கள்.

"உனக்குக் கண்ணு சரியில்ல," என்றார் பூட்டுக்காரர்.

"கண்ணாடி போட்டிருக்கேங்க. அதோ, ஓர சீட். அவங்களுக்குன்னே விட்டுவைப்பேன். வராம வராம இப்பல்லாம் யாருக்கு வேணும்னாலும் குடுத்துடறேன்."

பூட்டுக்காரர் எழுந்தார். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சுவரோரமாக நடந்தார். திரையில் மின்னல் வெட்டும்போதெல்லாம் முகங்கள் தெரிந்தன. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்ததில் ஒரு அம்மா, "யோவ், அங்க என்ன பார்வை, திரை அந்தப் பக்கம் இருக்கு," என்றாள். அவர் காதில் அது ஏறவில்லை. கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

இல்லை.

கை மட்டும் எப்படியோ வேலையை முடித்தது. கதவு திறந்தது. மேனேஜர் வந்து தோளைத் தட்டி, வந்ததுதான் வந்தீர்கள், மிச்சப் படத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். வேறு சமயமாக இருந்தால் இந்த உபசாரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பார். இன்றைக்குப் போய் அந்த ஓர சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மாசமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் டீயை உறிஞ்சிக்கொண்டே அவள் சொன்ன கதைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கண் போன கப்பல்காரன். குழந்தையைத் தொலைத்த நர்ஸ். இவரே ஒரு கதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்திருக்கிறார்.

அப்படியானால் சலூன்காரன் தூங்கவில்லை.

நான்கைந்து படத்துக்கு அந்த ஆளை முட்டாளாக்கிச் சண்டை போட்டிருக்கிறார். ஊரிலேயே பெரிய முட்டாள் பூட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

சரி, எங்கே போகிறாள்? ஆஸ்பத்திரிக்கா? நோய் என்றால் முகத்தில் தெரியாதா? சனிக்கிழமை வந்தால் அவள் முகம் கழுவி விட்ட மாதிரி பளிச்சென்று அல்லவா இருக்கும்? தலைவாரிக்கொண்டு, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு.

நல்ல புடவை.

அதற்குமேல் போன நினைப்பைச் சொல்ல நாக்கு கூசும். ஆனால் அது வந்தது. ஊரையே சந்தேகப்பட்டுப் பழகின புத்திக்கு, பாக்கியிருந்த ஒரே ஆளையும் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

திரையில் அண்ணன் போலீஸ், தம்பி திருடன். கடைசியில் தம்பி ஆற்றில் குதித்தான். எல்லாரும் அழுதார்கள். பிறகு அடுத்த கரையில் தலையைத் துவட்டிக்கொண்டு எழுந்து வந்தான். எல்லாரும் சிரித்தார்கள். விளக்கு போட்டார்கள்.

* * *

அவள் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். செருப்பை ஓரமாக விட்டாள். முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது.

"சீக்கிரம் வந்துட்டீங்களே. கடையில வேலை இல்லையா?"

"இல்ல."

டீ வந்தது. அவர் டம்ளரைக் கையில் வாங்கினார். ஒரே அடியாகக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்தது.

"படம் எப்படி?"

"ரொம்ப நல்ல படங்க. அண்ணன் போலீஸ், தம்பி திருடன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சரியாகத்தான் சொல்கிறாள். டார்ச்காரனுக்குத்தான் கண் கோளாறா? மனசு ஒரு துள்ளு துள்ளியது.

"அம்மாக்காரிக்கு ரெண்டு பேர் மேலயும் உசுரு. ராத்திரி ரெண்டு தட்டு வைப்பா. திருடன் பின்பக்கமா வந்து தின்னுட்டுப் போவான். அண்ணன் முன்பக்கமா வந்து தின்பான். ரெண்டாவது தட்டு யாருக்குன்னு அண்ணன் கேக்கவே மாட்டான். அவனுக்குத் தெரியும்."

இப்படி ஒரு தட்டும் படத்தில் கிடையாது.

"கடைசியில தம்பி ஆத்துல குதிச்சுடறான். அண்ணன் கரையில நிக்கறான். தண்ணி சுழிச்சுக்கிட்டுப் போகுது, அவன் எழவே இல்ல. வீட்டுக்கு வந்து அண்ணன் ஒண்ணும் சொல்லல. அவங்க அம்மா எப்பவும்போல ரெண்டு தட்டு வெக்கறா. அண்ணன் முதல் தட்டுல சாப்பிடறான். அப்புறம் எழுந்து பின்பக்கமாப் போயி, பின்கதவைத் தட்டி, தம்பி மாதிரி உள்ள வந்து, ரெண்டாவது தட்டுலயும் உக்காந்து சாப்பிடறான். அம்மாவுக்குக் கண்ணு மங்கல். அதோட படம் முடிஞ்சுபோச்சு."

பூட்டுக்காரர் கண்ணால் பார்த்த படத்தை விட இது நல்ல படம். பொய் என்று தெரிந்துகொண்டே கண் கலங்குகிறதே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"சரி, நீங்க சொல்லுங்க," என்றாள். "இன்னிக்கு அவ என்ன பண்ணினா?"

சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. நாடகம் கேட்கவில்லை என்றால் எங்கே போயிருந்தீர்கள் என்று வரும். அதோடு கோபமும் சேர்ந்துகொண்டது. அவள் ஆறு மாசம் கதை விட்டாள். நான் ஒரு நாள் விட்டால் என்ன?

"இன்னிக்கு அந்தக் கெழவி அடங்கிட்டா," என்றார். "மருமக கால்லயே விழுந்துட்டா. ஓன்னு ஒரே அழுகை. சாவிக்கொத்தை அவிழ்த்து மருமக கையில குடுத்து, இனிமே எல்லாம் நீதாம்மான்னுட்டா."

அவள் முகம் சுருங்கியது.

"யாரு, அவளா? கால்ல விழுந்தாளா? சாவிக்கொத்தைக் கெணத்துல இல்ல வீசினா? எனக்கு இல்லாத சாவி உனக்கும் இல்லன்னு..."

சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கை தானாக வாய்க்குப் போனது.

வெளியே தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

பூட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு மணிக்கு நீ தியேட்டர்ல இருந்த. ரேடியோவை எங்க கேட்ட?"

"வர்ற வழியில... யாரோ பேசிக்கிட்டாங்க."

"நான் இன்னிக்குத் தியேட்டர்லதான் இருந்தேன். பக்கக் கதவுப் பூட்டு மாட்டிக்கிச்சு. உன் ஓர சீட்டுல உக்காந்துதான் படம் பார்த்தேன். தம்பி சாகல. அந்தக் கரையில எழுந்து வந்துட்டான்."

அவர் கீழே வைத்த டம்ளரை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆறு மாசம். எங்க போற?"

அவள் எழுந்தாள்.

"யாரு அவன்?"

கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று அவருக்கே உறைத்தது. ஆனால் விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமா? அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அழவில்லை. டம்ளர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு சமையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் தண்ணீர் விழும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"சாவி எங்கிட்ட இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்!"

பூட்டுக்காரர் தூக்கிவாரிப் போடத் திரும்பினார். அலமாரி மேல் இருந்த வீட்டு ரேடியோவைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. குமிழ் அணைத்தபடியே இருந்தது.

"என்னடா பாக்கற? எம் முன்னாடி நின்னு ஏறெடுத்துப் பாக்கற அளவுக்கு உனக்குத் துணிச்சல் வந்துடுச்சா?"

அதே கட்டைக் குரல். அதே இழுப்பு. கடைசி எழுத்தில் கத்தியைத் திருப்புகிற மாதிரி ஒரு திருப்பு. குரல் வந்தது சமையல் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து.

பூட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் பெண்டாட்டி வந்து நின்றாள்.

"அவன் இவன்னு யாரும் இல்லீங்க," என்றாள், வீட்டுக் குரலில். "இவதான்."

பூட்டுக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சற்று நேரம் அவரால் அவள் வாயை மட்டும்தான் பார்க்க முடிந்தது. இந்த வாயா? இதிலிருந்தா?

"எப்படி?"

"அன்னிக்குத் தியேட்டர்ல ஹவுஸ்ஃபுல். வரிசையில நின்னேன். ஒருத்தன் நடுவுல புகுந்தான். அவனை நாலு வார்த்தை கேட்டேன். கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டேன் போல. எதுத்தாப்புல ரேடியோ நிலையத்துல இருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். நாடகம் ஆரம்பிக்கப் போகுது, மாமியாரா நடிக்க வேண்டியவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அம்மா உங்களுக்குப் படிக்கத் தெரியுமா, இந்தக் குரல்லயே இதைப் படிங்கன்னார். படிச்சேன்."

"நீ சத்தம் போட்டு நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே."

"நீங்க எங்க இடம் குடுத்தீங்க? இந்த வீட்டுக்கு வேண்டிய சத்தத்தை எல்லாம் நீங்க ஒருத்தரே போட்டுடறீங்க."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் ஓடி வந்தேன். மொத வாரமே. வந்து செருப்பைக்கூடக் கழட்டல, நீங்க ஆரம்பிச்சுட்டீங்க. இன்னிக்கு ரேடியோவுல ஒரு பேய் வந்துச்சு, இவளை எல்லாம் வீட்டை விட்டு வெளிய விட்ட புருஷன் ஆம்பளையா, அப்படின்னீங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

பூட்டுக்காரருக்குக் காது சுட்டது. ஆறு மாசமாகத் திட்டியது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி வந்தது. பேய். பிசாசு. தொண்டைக்கு வண்டி மை போட்டவள். கட்டினவன் பாவம் செய்தவன். எல்லாவற்றையும் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். அவள் பேசினதை அவளிடமே நடித்தும் காட்டியிருக்கிறார். அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்படியா, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அப்புறம்னு கேட்டியே, அது எதுக்கு?"

"உள்ள பேசறப்போ நாலு சுவரும் ஒரு மைக்கும்தான். வெளிய அது எப்படிக் கேக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லித்தான் தெரியும். நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திட்டினா அந்த வாரம் நல்லா வந்திருக்குன்னு அர்த்தம். ஒரு வாரம் நீங்க கொட்டாவி விட்டீங்க. அடுத்த வாரம் குரலை மாத்தினேன்."

"அந்தப் படத்துக் கதையெல்லாம்?"

"போஸ்டரைப் பார்ப்பேன். மூஞ்சிங்களைப் பார்த்தா ஏதாவது தோணும்."

"சலூன்காரனை நான் என்ன பேச்சுப் பேசியிருக்கேன் தெரியுமா?"

அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடைசியில பேர் வாசிப்பாங்க. என் பேரை மாத்தலீங்க. இந்தப் பேரு தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கு, வேற யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம், ஒரே ஒரு வாரமாவது அதைக் கேட்டுட்டு வந்து நீங்களே எங்கிட்டக் கேப்பீங்கன்னு பார்த்தேன்."

டப்பென்று ரேடியோவை அணைக்கிற தன் கையைப் பூட்டுக்காரர் பார்த்தார்.

கோபப்பட வேண்டும் என்று இருந்தது. ஏமாற்றியது ஏமாற்றியதுதான். அது பெரிய பொய்யோ சின்னப் பொய்யோ, ஆறு மாசம் அவர் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள். ஆனால் 'யாரு அவன்' என்ற கேள்வி நடுவில் கிடந்தது. அதைத் தாண்டிக் கோபப்பட அவருக்கு வழி தெரியவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும்," என்றாள். "அடுத்த வாரம் நாடகம்..."

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மகன். ஒயரிங் வேலை முடித்துச் சட்டையெல்லாம் சுண்ணாம்போடு, பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தான்.

"அம்மா, அவங்க வீட்டுல இருந்து சேதி வந்துடுச்சு. மீதிப் பேச்சை அடுத்த சனிக்கிழமையே முடிச்சுடலாமாம். ரெண்டு குடும்பமும் ஒண்ணா நாடகத்துக்குப் போயிட்டு, அங்கேயே பேசிடலாம்னு சொல்லி டிக்கெட்டே குடுத்து அனுப்பிட்டாங்க."

"எந்த நாடகத்துக்கு?" என்றார் பூட்டுக்காரர். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அதாம்ப்பா, நீங்க கேப்பீங்களே, மாமியார் நாடகம். இருபத்தஞ்சாவது வாரமாம். நாடகக் கொட்டகையில மேடை போட்டு ஜனங்க முன்னாடி நடத்தறாங்க. அங்கேயிருந்தே ரேடியோவுலயும் வருமாம்." அவன் டிக்கெட்டுகளை விசிறி மாதிரி விரித்தான். "முதல் வரிசை. அந்த மாமியாரோட மூஞ்சியை ஒரு தடவை கிட்டத்துல பார்த்தே ஆகணும்னு பொண்ணோட அம்மா ஒத்தக் கால்ல நிக்கறாங்க."

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். சொல்ல வந்தது இதைத்தான் என்று அந்தப் பார்வையில் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. இப்போது வாயைத் திறந்து மகனிடம் சொல்லிவிட்டால் அவள் தடுக்கப் போவதில்லை. சாவி அவர் கையில் இருந்தது.

பூட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத தொண்டை. இன்றைக்கு இது இரண்டாவது.

"உங்கம்மாவுக்கு டிக்கெட் வேணாம். நாம ரெண்டு பேர் போவோம். அவளுக்குச் சனிக்கிழமை சினிமா இருக்கு."

அவள் இமை ஒரு தடவை படபடத்தது.

"அன்னிக்கு ஏதுப்பா சினிமா?" என்றான் மகன். "சீட்டெல்லாம் மாத்தறதுக்குத் திங்கக்கிழமையில இருந்து தியேட்டரை மூடறாங்களே. நான்தான் ஒயரிங் பண்றேன். அம்மா வரலைன்னா அவங்க என்ன நெனப்பாங்க? அம்மாவைப் பார்த்துத்தானே அவங்க சரின்னே சொன்னாங்க."

பூட்டுக்காரர் எழுந்து போய், அணைந்தே கிடந்த ரேடியோவின் குமிழை இன்னொரு தடவை அணைத்தார்.

"நானும் வர்றேன்ப்பா," என்றாள் அவள், நாக்கு இருக்கிறதா என்றே தெரியாத அந்த வீட்டுக் குரலில். "வரேன்னு சொல்லு அவங்ககிட்ட."

பூட்டுக்காரர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். முதல் வரிசை நாற்காலிக்கா, மேடைக்கா என்று அவள் சொல்லவில்லை.